பச்சையாக நிற்கும் வயலின் தாகம்

2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஜூன் 12-ல் திறந்திருக்க வேண்டிய மேட்டூர் அணை அந்தப் பாசன ஆண்டில் 2016 செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழையாக 440 மி.மீ. பெய்திருக்க வேண்டும், பெய்தது 168 மி.மீ. மட்டுமே. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். ஆனால் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். அதைக் கணக்கெடுக்க அலுவலர்கள் வயல் வயலாக வந்தார்கள்.

கருகிக் கிடந்த வயலில் சிக்கல் இல்லை. வைக்கோல் நிறத்தில் படுத்துவிட்ட பயிரையும், கால் நுழையும் அளவுக்கு வாய் பிளந்த வெடிப்பையும் வரப்பில் நின்றே பார்த்துவிடலாம். சிக்கல் பச்சையாக நின்ற வயலில்தான். கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் பொதிப் பருவத்தில் பத்து நாள் காய்ந்து, பிறகு ஒரு மழையிலோ பக்கத்து மோட்டார் தண்ணீரிலோ தேறிவிட்ட பயிர், சாலையிலிருந்து பார்த்தால் பழுதில்லாமல் தெரியும். இறங்கி நாலு கதிரை உருவி, நெல்லை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து அழுத்தினால்தான் உண்மை தெரியும். பத்தில் ஆறு அமுங்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. நல்ல பயிரிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பதர் உண்டு. பாதிக்கு மேல் பதரானால் அந்த வயல் சாவிதான், அதாவது மணி பிடிக்காமல் போன வயல்தான், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும்.

நெற்பயிரின் நீர்ப் பற்றாக்குறையை அளப்பது என்ற பேச்சு தொடங்க வேண்டிய இடம் இதுதான். தாகம் என்பதும் வாடல் என்பதும் ஒன்றல்ல. பயிரின் தாகம் முதலில் மண்ணில் தொடங்குகிறது. அடுத்து இலையின் துளைகள் மூடுகின்றன. பிறகு இலை சுருள்கிறது. அதற்குப் பிறகுதான் காய்கிறது. நம் அரசு ஏடுகள் பெரும்பாலும் கடைசிப் படியைத்தான் பார்க்கின்றன. விளைச்சலோ நடுவிலேயே போய்விடுகிறது.

வயலில் தண்ணீர் நின்றால் பயிருக்குக் குறையில்லை, மறைந்தால் ஆபத்து என்பது டெல்டாவின் பழைய கணக்கு. இதில் பாதி உண்மை. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். வெயில் நாளில் பயிரும் வயலும் சேர்ந்து 5 முதல் 7 மி.மீ. வரை ஆவியாக விடும்; களிமண் வயலில் இன்னும் இரண்டு மூன்று மி.மீ. கீழே இறங்கும். ஆக ஐந்தாறு நாளில் கட்டிய தண்ணீர் மறைந்துவிடும். மணல் கலந்த மண்ணில் இந்தக் கணக்கே வேறு; ஒரே நாளில் 25 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும் நிலங்களும் உண்டு. ஆனால் மேலே தண்ணீர் மறைந்த அன்றைக்கே பயிர் தவித்துவிடுவதில்லை. சேறு நிறைய நீரை வைத்திருக்கிறது. வேர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள முடியும்? இதற்குத்தான் மண்ணை அளக்க வேண்டியிருக்கிறது. மற்ற பயிர்களைப் போல நெல்லுக்கு ஆழமான வேர் கிடையாது. சேற்றுழவு உழுது உழுது கீழே ஓர் இறுகிய தட்டு உண்டாகியிருக்கும். வேரில் பெரும்பங்கு அதற்கு மேலேயே, 20 செ.மீ.க்குள் நின்றுவிடும். மண் கொஞ்சம் காய்ந்தாலே நீரை உறிஞ்ச வேருக்குக் கூடுதல் இழுவிசை வேண்டும். அந்த இழுவிசையை அளக்கும் கருவி டென்சியோமீட்டர். நுண்துளைகள் உள்ள பீங்கான் முனை, அதற்கு மேல் நீர் நிரப்பி மூடிய குழாய், உச்சியில் ஒரு முள். மண் காயக் காய முனை வழியே நீரை வெளியே இழுக்கும். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி முள் நகரும். மண் முழுக்க நனைந்திருந்தால் சுழியம். இழுவிசையைக் கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் சொல்வார்கள். நெல்லுக்கு வேர்ப்பகுதியில் 20 கிலோபாஸ்கல் வரை போகலாம், அதற்கு மேல் விடக்கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. பல தோட்டப் பயிர்களுக்கு அந்த 20 என்பது தண்ணீர் விடவே யோசிக்காத ஈரம். நெல் எவ்வளவு சீக்கிரம் தவிக்கும் பயிர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

டென்சியோமீட்டரை எல்லா வயலிலும் வைக்க முடியாது. டெல்டாவின் களிமண்ணில் அதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மண் வெடிக்கும்போது பீங்கான் முனையைச் சுற்றி இடைவெளி விழுந்துவிடும். முள் காட்டுவது மண்ணின் நிலையாக இருக்காது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானியோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இதைவிட எளிது. 30 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய். ஒரு சாண் அகலம்கூட வேண்டாம், 10 முதல் 15 செ.மீ. விட்டம் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட வேண்டும். துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள், மீதி வெளியே. உள்ளே சேர்ந்த சேற்றை அள்ளிப்போட்டுவிட்டால் வெளியே மண்ணுக்குள் நீர்மட்டம் எங்கே இருக்கிறதோ குழாய்க்குள்ளும் அங்கே நிற்கும். அளவுகோலை விட்டுப் பார்க்கலாம். மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கும்வரை பயிருக்குச் சேதமில்லை. அங்கே வந்ததும் மறுபடி 5 செ.மீ. கட்ட வேண்டும். குழாயை வரப்போரமாக வைத்துவிடக் கூடாது. வரப்புக் கசிவு கணக்கைக் கெடுத்துவிடும்.

நம் ஊரில் இதற்கு ஆதியிலிருந்தே ஒரு பேர் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒற்றை நாற்று நடவு பரவிய நாளில் 'நீர் மறைய நீர் கட்டு' என்று விரிவாக்க அலுவலர்கள் சொல்லித் தந்ததும் இதன் இன்னொரு உருவம்தான். மயிரிழை வெடிப்பு கண்டதும் மடையைத் திற என்பார்கள் பெரியவர்கள். குழாய் செய்வதெல்லாம் அந்த மயிரிழைக்கு ஓர் எண் கொடுப்பது. எண் ஏன் முக்கியம் என்றால், மயிரிழை எப்போது விரலிடுக்காகும் என்பது கண்ணுக்குப் பிடிபடாது. களிமண்ணில் ஒருமுறை வெடிப்பு ஆழமாகிவிட்டால் அடுத்து விடும் தண்ணீர் மேலே நிற்காமல் வெடிப்பு வழியே அடிக்குப் போய்விடும். சேமித்ததைவிட அதிகமாக இழக்க நேரும். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 56 ஆய்வுகளிலிருந்து 528 ஒப்பீடுகளை எடுத்து அலசியது. 15 செ.மீ. அல்லது 20 கிலோபாஸ்கல் என்ற எல்லைக்குள் காயவிட்ட வயல்களில் விளைச்சல் குறையவில்லை. தண்ணீர் கால்பங்கு அளவுக்கு மிச்சமானது. எல்லை தாண்டிக் காய்ந்த வயல்களில் விளைச்சல் 22 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. காய்ச்சலுக்கும் கருகலுக்கும் நடுவிலுள்ள தூரம் அவ்வளவு குறுகியது.

ஆனால் மண்ணின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயிரின் கதையைச் சொல்ல முடியாது. எந்த நாளில் காய்ந்தது என்பது, எவ்வளவு காய்ந்தது என்பதைவிடப் பெரிய கேள்வி. தூர் கட்டும் பருவத்தில் ஒரு வாரம் காய்ந்தால் தூர் குறையும், பூப்பது சில நாள் தள்ளிப்போகும். தண்ணீர் வந்ததும் பயிர் பெருமளவு தேறிவிடும். அதே ஒரு வாரம் பொதிப் பருவத்தில் வந்தால் தேறாது. கண்ணாடி இலையின் உறைக்குள் கதிர் உருண்டு நிற்கும் அந்த நாட்களில், பூப்பதற்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், மகரந்தத்தை உண்டாக்கும் செல்கள் பிரிகின்றன. அப்போது தண்ணீர் இல்லையென்றால் மகரந்தத் துகளில் மாவுச்சத்து ஏறாது, துகள் மலடாகும். பிறகு மேட்டூர் நிரம்பி வழிந்தாலும் அந்தப் பூவில் மணி பிடிக்காது. பூக்கும் நேரத்தில் தாகம் வந்தால் இன்னொன்று நடக்கும். கதிரை வெளியே தள்ள வேண்டிய காம்பு நீளாமல், கதிரின் அடிப்பகுதி உறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிய நெல் முழுக்கப் பதர். இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். கதிர் உறையை விட்டு முழுதாக வெளிவந்திருக்கிறதா என்று ஐம்பது கதிரை எண்ணிப் பார்த்தால் போதும். இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான அளவீடு வேறில்லை என்பது என் எண்ணம்.

எண்ணும்போது ஒன்றில் கவனம் வேண்டும். வெளுத்து நிமிர்ந்து நிற்கும் வெண்கதிரெல்லாம் வறட்சியால் வந்ததல்ல. கதிரைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். அடியில் அரித்த தடத்தோடு சட்டென்று கையோடு வந்துவிட்டால் அது தண்டுத்துளைப்பான் புழுவின் வேலை. வராமல் பிடித்து நின்றால்தான் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கடலோரத்து வயலில் உப்பையும் மறக்கக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வயலில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் நுனி கருகுவதைப் பார்க்கலாம்; உப்பு நீரை வேரால் இழுக்க முடியாமல் தவிக்கும் தவிப்பு அது. குழாயில் நீர்மட்டம் நன்றாக இருக்கும், பயிர் தாகத்தில் இருக்கும்.

இனி இலைக்கு வருவோம். நெல்லிலையின் மேற்புறத்தில் நடுநரம்பின் இருபக்கமும் பெரிய நீர்க்குமிழ் போன்ற செல்கள் வரிசையாக இருக்கின்றன. நீர் குறைந்தால் முதலில் இவை சுருங்கும். இலை உள்நோக்கி மடியும். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பயிர் செய்யும் ஏற்பாடு இது. இந்தச் சுருளுக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 0 முதல் 9 வரை மதிப்பெண் வைத்திருக்கிறது. விரிந்த இலை 0. லேசாக மடியத் தொடங்கினால் 1, நன்றாக மடிந்தால் 3, கிண்ணம்போலக் குழிந்தால் 5, இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் 7, ஊசியாக இறுகிச் சுருண்டால் 9. இலை காய்வதற்குத் தனியாக இன்னொரு மதிப்பெண் வரிசை உண்டு.

இதை மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மண்ணில் போதிய ஈரம் இருந்தாலும் உச்சி வெயிலில் வேர் இழுப்பதைவிட இலை இழப்பது அதிகமாகி, இலை 3 வரை மடிந்துவிடும். அதே பயிரை மறுநாள் விடியற்காலை, பனி காயும் முன் போய்ப் பார்க்க வேண்டும். இரவில் நீரை ஏற்றிக்கொண்டு இலை விரிந்துவிட்டால் இன்னும் காலம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் சுருண்டே கிடந்தால் மண்ணில் எடுக்க ஒன்றுமில்லை. இரண்டு நேரத்து மதிப்பெண்ணையும் குறித்து வைப்பதுதான் சரியான கணக்கு. ரகத்துக்கு ரகமும் மாறும். சில ரகங்கள் முன்கூட்டியே சுருட்டிக்கொண்டு தப்பிக்கும். சில கடைசிவரை விரித்துக்கொண்டிருந்து திடீரென்று காயும். ராமநாதபுரம், சிவகங்கை மானாவாரிக்கென்று பரமக்குடியிலிருந்து 2009-ல் வந்த அண்ணா 4 ரகத்தையும் தண்ணீரிலேயே பழகிய டெல்டா ரகத்தையும் ஒரே சுருள் மதிப்பெண் கொண்டு ஒப்பிடுவது நியாயமில்லை.

ஆய்வுக்கூடம் அருகில் இருந்தால் இலையையே எடை போடலாம். காலையில் கிள்ளிய இலைத்துண்டின் எடை, அதைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் புடைத்த பின் எடை, அடுப்பில் உலர்த்திய பின் எடை என்று மூன்று எடை. ஊறிக் கொள்ளக்கூடிய நீரில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று இவற்றிலிருந்து வரும். தவிப்பில்லாத பயிரில் 90-ஐ ஒட்டி இருக்கும். இதைவிட நுட்பமானது அழுத்தக் கலம். 1965-ல் ஷோலாண்டர் குழுவினர் சதுப்புநில மரங்கள் உட்படப் பல செடிகளில் செய்துகாட்டிய முறை. வெட்டிய இலையைக் கலத்துக்குள் விட்டு, வெட்டுவாய் மட்டும் வெளியே தெரிய, காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வெட்டுவாயில் சாறு துளிர்க்கும் கணத்தில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு இழுவிசையில் அந்த இலை நீரைப் பிடித்துவைத்திருந்தது என்று பொருள். அந்தத் துளி பளபளவென்று எட்டிப்பார்ப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு, பயிரின் தாகம் வெறும் உவமை அல்ல, அழுத்தமாக அளக்கக்கூடிய ஒன்று என்பது மறக்காது.

இலையைக் கிள்ளாமலே அளக்கும் வழியும் இருக்கிறது. நமக்கு வேர்வை எப்படியோ, பயிருக்கு இலைத்துளை வழியே போகும் நீராவி அப்படி. அது போகும்வரை இலை குளிர்ந்திருக்கும். தாகத்தில் துளை மூடினால் இலை சுடும். அமெரிக்காவின் அரிசோனாவில் 1981-ல் ஜாக்சன், இட்சோ ஆகியோர் இதை ஒரு குறியீடாக்கினார்கள். இலைப்பரப்பின் வெப்பத்திலிருந்து காற்றின் வெப்பத்தைக் கழித்து, காற்றின் வறட்சியோடு பொருத்தி, 0 என்றால் தாகமில்லை, 1 என்றால் துளைகள் முழுக்க மூடிவிட்டன என்று கொள்வது. அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் பிடித்தும் அளக்கலாம், ட்ரோனில் வெப்பக் கேமரா கட்டியும் அளக்கலாம். இன்று விற்பனைக்கு வரும் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஆனால் அரிசோனா பாலைவனம், தஞ்சாவூர் அப்படியல்ல. அங்கே காற்று வறண்டு கிடப்பதால் நனைந்த பயிருக்கும் காய்ந்த பயிருக்கும் வெப்பம் பல டிகிரி வேறுபடும். மார்கழியில் கடலோர டெல்டாவில் காற்றே ஈரமாக இருக்கும். நன்றாக இருக்கும் பயிர்கூட அதிகம் குளிராது, வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். ஒரு மேகம் கடந்தால், காற்று கொஞ்சம் அடித்தால் அதுவும் கலைந்துவிடும். பயிர் வயலை மூடாத இளம் பருவத்தில் கேமரா இலையைப் பார்க்கிறதா, நடுவிலுள்ள தண்ணீரைப் பார்க்கிறதா என்ற குழப்பம் வேறு. ஆகவே வெளிநாட்டு எல்லைக்கோடுகளோடு வரும் கருவியை அப்படியே நம்பிவிடாமல், அதே ஊரில், அதே ரகத்தில், நன்றாகத் தண்ணீர் நிற்கும் ஒரு வயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒப்பிட நல்ல வயல் இல்லாத வெப்ப அளவீடு அரைகுறைதான்.

செயற்கைக்கோள் இந்தச் சிரமங்களையெல்லாம் தீர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பலருக்கு இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து முதல் இருபது மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தருகிறது. இலையின் பச்சையையும், குற்றலை அகச்சிவப்பு ஒளியில் இலையின் நீரையும் அதில் படிக்கலாம். பச்சை குறைவது மிகத் தாமதமான அறிகுறி என்பதை மேலே பார்த்தோம். நீரைக் காட்டும் அலைவரிசை அதைவிட முந்திச் சொல்லும். ஆனால் சம்பா பொதி கட்டும் நாட்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் மறைத்தால் படம் இல்லை. வெப்பத்தை அளக்கும் லேண்ட்சாட்டின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர். அதாவது ஒரே புள்ளியில் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். முக்கால் ஏக்கர்க்காரரின் காய்ந்த வயலும் போர் வைத்திருப்பவரின் பசுமையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும்.

மேகத்தை ஊடுருவும் ராடார் படம் வேறு வகையில் பயன்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ராடார் படங்களிலிருந்து நெற்பரப்பை வரைபடமாக்கியது. 2016-17 சம்பாவில் விதைக்கவே முடியாமல் போன கிராமங்களை அடையாளம் காணக் காப்பீட்டுக்கு அது கைகொடுத்தது. எங்கே தண்ணீர் கட்டினார்கள், எங்கே நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்பதை ராடார் நன்றாகச் சொல்லும். பூவின் மகரந்தம் மலடானதை அது நேரடியாகப் பார்க்காது. நட்ட தேதி தெரிந்தால் பொதி கட்டும் வாரத்தைக் கணக்கிடலாம். அந்த வாரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று நீர்வளத் துறைப் பதிவோடு பொருத்தலாம். தனியொரு படத்தைவிட இந்தப் பொருத்திப் பார்த்தலில்தான் எனக்கு நம்பிக்கை.

ஏனென்றால் இழப்பீடு முடிவாவது இன்றும் பெரும்பாலும் அறுவடையில்தான். பயிர்க் காப்பீட்டில் ஒரு வருவாய்க் கிராமத்துக்கு நான்கு இடங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். 25 சதுர மீட்டர் நெல்லைப் பொய் சொல்ல வைக்க முடியாது; அந்த அளவீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் வருவது கிராமத்தின் சராசரி. தலைமடை வயல் நன்றாக விளைந்து கடைமடை வயல் சாவியானால், சராசரியில் கடைமடைக்காரர் காணாமல் போகிறார். நிவாரணத்துக்கான 33 சதவீதக் கணக்கிலோ வரப்பில் நின்று பார்க்கும் கண்ணளவே பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2023-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தும் கர்நாடகத்திலிருந்து நீர் வராமல் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10-ல் அணை மூடப்பட்டது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். அப்போதும் கருகியது கணக்கில் வந்தது. பச்சையாக நின்று பதரானதைக் கணக்கில் கொண்டுவருவதற்குத்தான் விவசாயி போராட வேண்டியிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பயிர் உண்டு, பரப்பு உண்டு, பாசன ஆதாரம் உண்டு. நட்ட தேதி, பூத்த தேதி, பூப்பதை ஒட்டிய இரண்டு வாரத்தில் வயலில் தண்ணீர் இல்லாத நாட்கள் என்று இன்னும் மூன்று கட்டம் சேர்த்தால் எந்தச் செயற்கைக்கோளும் தராத தகவல் ஊருக்கு ஊர் கிடைக்கும். ஒரு வாய்க்காலுக்குத் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று குழாய் நட்டு, பொதிப் பருவம் தொடங்கியதிலிருந்து பூத்து ஒரு வாரம் வரை தினமும் நீர்மட்டத்தை எழுதிவைப்பது ஒரு ஆளுக்கு அரைமணி நேர வேலை. வாய்க்கால்களுக்கு மாறி மாறித் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் அடுத்த முறை வர எத்தனை நாள் இருக்கிறது என்பதோடு அந்த எண்ணை வைத்துப் பார்த்தால், எந்த மடையை முதலில் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கடைமடைக் குழாயில் 12 செ.மீ.க்கு இறங்கி, முறை வர இன்னும் நாலு நாள் இருக்கிறது, பயிர் பொதியில் நிற்கிறது என்றால் அன்றைக்கே தண்ணீர் கேட்க வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் அதே 12 செ.மீ. என்றால் நாலு நாள் பொறுக்கலாம்.